வயலுக்குச் சொற்பம், ஏரிக்குப் பெருஞ்சுமை

வயலில் இடும் உரம் முழுவதும் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. இன்னொரு பகுதி நைட்ரேட்டாக மாறி, நீரில் கரைந்து, வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அவ்வளவு எளிதில் இடம்பெயராது. களிமண் துகளைப் பற்றிக்கொண்டு கிடக்கும். ஆனால் மழையில் மண் அரித்துப் போனால் அதுவும் கூடவே போகும். மேல்மண்ணில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால் நீரில் கரைந்தும் போகும். இப்படி ஓடைக்கும் ஆற்றுக்கும் வந்து சேரும் சத்து அங்கே பாசியை வளர்க்கிறது. மிகுந்து வளர்ந்த பாசி மடிந்து அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மீன்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன. சிலவகைப் பாசிகள் நஞ்சும் உண்டாக்குகின்றன. நீர்நிலைக்கு நேரும் இந்த நோய்க்கு மிகையூட்டம் என்று பெயர்.

இதில் முதலில் மனத்தில் இருத்தவேண்டியது அளவு. ஒரு ஹெக்டேரில் நன்றாக விளைந்த மக்காச்சோளம் தானியத்தோடு மட்டும் 25 கிலோவுக்கு மேல் பாஸ்பரஸை எடுத்துக்கொண்டு போகிறது. அதே ஹெக்டேரிலிருந்து ஆண்டு முழுவதும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ பாஸ்பரஸ் ஆற்றில் போனால் உழவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. விளைச்சல் குறையாது; உரச்செலவும் கண்ணில் படும்படி ஏறாது. ஏரியின் கணக்கு வேறு. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமின் நூறில் சில பங்கு பாஸ்பரஸ் இருந்தாலே பாசி பொங்கிவிடும். இழப்பவருக்கு உறைக்காத இழப்பு, பெறுகிறவருக்குத் தாங்க முடியாத சுமை ஆகிறது. வயலோரத்தில் இருந்து பார்த்தால் இல்லாததுபோலத் தோன்றும் ஒரு சிக்கலை ஐம்பது ஆண்டுகளாகத் தீர்க்க முடியாமல் இருப்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வே அடிப்படைக் காரணம். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் உள்ள ஈரி ஏரியின் வரலாறு இதை மற்றெந்த நீர்நிலையின் வரலாற்றையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. ஒருமுறை கெட்டு, திருந்தி, மறுபடியும் கெட்ட ஏரி அது.

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் மிகவும் ஆழம் குறைந்தது ஈரி. சராசரி ஆழம் 19 மீட்டர்தான். மேற்குக் கோடியில் அதுவும் இல்லை, ஏழெட்டு மீட்டர். ஆழமில்லாத நீர் விரைவில் சூடேறும், வெளிச்சம் அடிவரை எட்டும். பாசிக்கு இரண்டும் உகந்தவை. இந்த மேற்குக் கோடியில்தான் டொலீடோ நகரின் அருகே மாமீ ஆறு வந்து கலக்கிறது. பேரேரிகளில் விழும் ஆறுகளிலேயே மிகப் பெரிய வடிநிலம் மாமீ ஆற்றுடையது. ஒகையோ, இண்டியானா, மிச்சிகன் ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் அந்த நிலத்தின் பெரும்பகுதியில் மக்காச்சோளமும் சோயாவும் மாறிமாறி விளைகின்றன.

அந்த நிலத்தில் ஒரு பகுதி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வயலாக இருக்கவில்லை. 'பெருங்கருஞ்சதுப்பு' என்று அழைக்கப்பட்ட, காடடர்ந்த ஈரநிலம் அது. கொசுவும் மலேரியாவும் நிறைந்து, குடியேறிகள் கடைசியாகத் தொட்ட பகுதிகளில் ஒன்றாக இருந்தது. 1850களில் அதை வடிக்கத் தொடங்கினார்கள். களிமண்ணுக்குப் பஞ்சமில்லாத இடம் என்பதால் அதே மண்ணைச் சுட்டுக் குழாய் செய்து, நிலத்துக்கு அடியில் வரிசை வரிசையாகப் புதைத்தார்கள். 1890களில் பௌலிங் கிரீன் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹில் உருவாக்கிய, நீராவியால் இயங்கும் குழிதோண்டும் எந்திரம் அந்த வேலையை இன்னும் வேகப்படுத்தியது. நூற்றாண்டு முடிவதற்குள் சதுப்பு மறைந்து, உலகின் வளமான உழவுநிலங்களில் ஒன்று அங்கே உருவாகியிருந்தது. ஏரிக்கு முன்னால் இருந்து, வரும் நீரைத் தேக்கி வடிகட்டி அனுப்பிக்கொண்டிருந்த பரப்பே அப்படி மறைந்தது. அதன் விலை அப்போது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

விலை முதன்முதலில் 1960களில் தெரிந்தது. ஆனால் அப்போது முதன்மைக் குற்றவாளி வயல் அல்ல. டெட்ராய்ட், கிளீவ்லாந்து போன்ற தொழில்நகரங்களின் கழிவுநீரும், பாஸ்பேட் கலந்த சலவைத்தூளும் ஏரியில் வந்து கொட்டின. கோடையில் நீர் பச்சையாயிற்று. கரையில் பாசி ஒதுங்கி நாறிற்று. ஏரி செத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. 1969 ஜூன் 22 அன்று, கிளீவ்லாந்தில் ஈரியில் கலக்கும் கயஹோகா ஆற்றின்மேல் மிதந்த எண்ணெய்க் கசடு தீப்பற்றி எரிந்தது. அது பாஸ்பரஸ் சம்பந்தப்பட்டதன்று. ஆனாலும் தண்ணீரைப் பற்றிய மக்களின் கோபத்துக்கு அதுவே அடையாளமாயிற்று.

பாசிக்கு எந்தச் சத்து காரணம் என்பதில் அப்போது கடும் சர்ச்சை நடந்தது. கார்பனே காரணம், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்திப் பயனில்லை என்று சலவைத்தூள் தொழில் சார்ந்தவர்கள் வாதாடினார்கள். சர்ச்சையைத் தீர்த்தது ஒரு சிறு ஏரி. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளின் தொகுதி ஒன்று உண்டு. அங்கே டேவிட் ஷிண்ட்லர் என்ற நீரியல் அறிஞர், உடுக்கைபோல நடுவில் ஒடுங்கிய 226ஆம் எண் ஏரியை 1973இல் அந்த ஒடுக்கத்தில் பிளாஸ்டிக் திரையால் இரண்டாகத் தடுத்தார். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்க்கப்பட்டன. ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டது. சில வாரங்களில் அந்தப் பக்கம் பச்சைக் குழம்பாக மாறியது. திரைக்கு அப்பால் நீர் தெளிந்தே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வாதத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. நீரியல் துறையில் ஒரு சோதனை பொதுக்கொள்கையை இவ்வளவு நேரடியாக உறுதிப்படுத்தியது அரிது.

இதற்குள் அரசுகளும் அசைந்திருந்தன. 1972 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் நிக்சனும் கனடியப் பிரதமர் பியர் ட்ரூடோவும் பேரேரி நீர்த்தர உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் தூயநீர்ச் சட்டம் வந்தது. நகரக் கழிவுநீர் ஆலைகள் பாஸ்பரஸைப் பிரித்தெடுக்கத் தொடங்கின. சலவைத்தூளில் பாஸ்பேட் குறைக்கப்பட்டது. ஈரிக்கு வரும் மொத்தப் பாஸ்பரஸை ஆண்டுக்கு 11,000 டன்னுக்குள் கொண்டுவருவது என்று குறிவைத்து, 1980களில் அதை எட்டவும் செய்தார்கள். நீர் தெளிந்தது, வால்ஐ என்னும் மீன் திரும்பி வந்தது, சுற்றுலாவும் வந்தது. உலகில் ஒரு பெருநீர்நிலையை இவ்வளவு விரைவாக மீட்டெடுத்த கதைகள் அதிகம் இல்லை. எளிதாயிருந்ததற்குக் காரணம் உண்டு: அந்தக் கழிவு குழாய் வழியாக வந்தது, குழாய்க்கு ஓர் உரிமையாளர் இருந்தார், உரிமையாளருக்கு ஓர் உரிமத்தாள் இருந்தது.

1990களின் நடுவிலிருந்து பாசி மறுபடியும் தலைகாட்டிற்று. 2011இல் அது ஏரியின் மேற்பரப்பில் 5,000 சதுரகிலோமீட்டருக்கு மேல் பரவியது. இந்தமுறை வந்தது மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி. அதன் உயிரணுக்களுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் உண்டு. அவற்றால் மேலே மிதந்து வெயிலைப் பிடித்துக்கொள்ளும், வேண்டியபோது இறங்கவும் செய்யும். அது உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. 2013 செப்டம்பரில் கேரல் டவுன்ஷிப் என்ற சிற்றூரில், சுமார் 2,000 பேருக்கு நீர் வழங்கும் நிலையத்தை இந்த நஞ்சால் மூடவேண்டி வந்தது. அது ஒரு முன்னறிவிப்பு. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே டொலீடோ நகரம் தன் மக்களுக்கு அறிவிப்பு விடுத்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்கவேண்டாம், சமைக்கவேண்டாம், காய்ச்சவும் வேண்டாம். கடைசி எச்சரிக்கைதான் மக்களை அதிகம் திகைக்கவைத்தது. தண்ணீர் சரியில்லை என்றால் காய்ச்சிக் குடிப்பது எங்கும் உள்ள வழக்கம். ஆனால் இந்த நஞ்சு கொதியில் அழியாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் குழாயை நம்பியிருந்தார்கள். சில மணிநேரத்தில் கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்தது. மக்கள் பக்கத்து மாவட்டங்களுக்கும் பக்கத்து மாநிலத்துக்கும் காரெடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்தார்; தேசியக் காவல்படை லாரிகளில் நீர் கொண்டுவந்தது. அந்த ஆண்டுப் பாசி 2011இல் இருந்த அளவுக்குப் பெரியதில்லை. ஆனால் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஏரிக்குள் இருக்கும் நகரின் நீர் உறிஞ்சுமிடத்துக்குக் காற்று அதைத் தள்ளிக்கொண்டுவந்து, அடிவரை கலக்கிவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தில் கரித்தூள் போட்டு நஞ்சைப் பிடித்தெடுத்தார்கள். திங்கட்கிழமை தடை நீங்கியது. மேயர் மைக்கேல் காலின்ஸ் செய்தியாளர்கள் முன் ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்துக் காட்டினார்.

கழிவுநீர் கட்டுக்குள் இருக்க, இந்தப் பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது? விடை கிடைத்ததற்கு ஒகையோவின் டிஃபின் நகரில் உள்ள ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்லவேண்டும். டேவிட் பேக்கர் தொடங்கிய ஆய்வகம் அங்கே 1970களின் நடுவிலிருந்து மாமீ உள்ளிட்ட ஆறுகளின் நீரை இடைவிடாமல் எடுத்து அளந்துவருகிறது. பணம் கிடைப்பதும் நிற்பதுமாக இருக்கும் துறையில் அத்தனை ஆண்டுக் கணக்கைத் தொடர்ந்து வைத்திருப்பது பெரும் செயல். அந்தக் கணக்கு ஒன்றைக் காட்டியது. மண்துகளோடு வரும் பாஸ்பரஸ் உயரவில்லை. நீரில் கரைந்து வரும் பாஸ்பரஸ் 1990களின் நடுவிலிருந்து கூடிக்கொண்டே வந்தது. மண்ணோடு ஒட்டிய பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் பாசி பயன்படுத்த முடியும். கரைந்ததை முழுவதும் உடனே பயன்படுத்தும். ஆகவே மொத்த எடை பெரிதாக மாறாதபோதும் ஏரிக்கு விளையும் கேடு கூடியது.

கரைந்த பாஸ்பரஸ் ஏன் கூடியது என்பதில் ஒரு வேதனையான உண்மை இருக்கிறது. மண்ணரிப்பைத் தடுக்க உழவர்களுக்கு அரசே பரிந்துரைத்த நன்முறை ஒன்று அதற்கு ஓரளவு காரணமாயிற்று. உழாமல் விதைக்கும் சாகுபடி 1980களிலும் 1990களிலும் அங்கே பரவியது. மண் இழப்பு உண்மையிலேயே குறைந்தது. ஆனால் உழாத நிலத்தில் உரத்தை மேலே தூவிவிட்டால் அது கலக்காமல் மேல் ஓரிரு அங்குலத்திலேயே தங்கிவிடும். பண்ணைகளின் பரப்பு பெருகப் பெருக, விதைக்கும்போது விதையோரமாக உரமிட நேரம் போதாமல், அறுவடை முடிந்த இலையுதிர்காலத்திலேயே எந்திரத்தால் தூவி முடிக்கும் வழக்கமும் வளர்ந்தது. அடுத்த வசந்தம்வரை பயிர் இல்லை. பனி உருகும், மழை பெய்யும், உரம் மேலேயே கிடக்கும்.

அந்த நீர் எந்த வழியாகப் போகிறது என்பதை வயலின் ஓரத்தில் நின்றால் காணலாம். வடிவாய்க்காலின் கரையில் ஒரு குழாய் முனை நீட்டிக்கொண்டிருக்கும். பழைய சுட்டமண் குழாய்க்குப் பதில் இப்போது துளையிட்ட, வரிவரியாக மடிப்புள்ள கறுப்புப் பிளாஸ்டிக் குழாய், நான்கங்குல விட்டம். சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் வயலின் குறுக்கே நெடுக ஓடுவது. பலத்த மழை பெய்த சில மணிநேரத்துக்குள் அந்த முனையிலிருந்து நீர் கொட்டும். ஒரு மீட்டர் களிமண்ணின் வழியே அவ்வளவு விரைவில் நீர் ஊறி இறங்க முடியாது. களிமண் காய்ந்து வெடித்த பிளவுகளும், மண்புழு துளைத்த வளைகளும், மட்கிய வேர் விட்டுப்போன துளைகளும் மேற்பரப்பிலிருந்து நேரே குழாய்க்கு வழி கொடுக்கின்றன. பாஸ்பரஸைப் பிடித்துவைக்க வேண்டிய மண்ணைத் தொடாமலே உரநீர் போய்விடுகிறது. உழாத நிலத்தில் இந்தத் துளைகள் கலையாமல் இருப்பதால் வழி இன்னும் சீராக இருக்கும். பாஸ்பரஸ் மண்ணைவிட்டுக் கீழிறங்காது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஒகையோவில் வயலோரத்தில் கருவி வைத்து அளந்தபோது, இழப்பில் ஏறக்குறைய பாதி நிலத்தடிக் குழாய் வழியாகவே போவது தெரிந்தது.

மற்ற காரணங்களும் உண்டு. 1980களின் இறுதியில் கப்பல்களோடு வந்து சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பிகள் நீரை வடிகட்டி நல்ல பாசிகளைத் தின்று, மைக்ரோசிஸ்டிஸை மட்டும் துப்பிவிடுகின்றன. வசந்தகால மழை கனத்துவருகிறது. மார்ச் முதல் ஜூலை வரை மாமீ ஆறு கொண்டுவரும் பாஸ்பரஸை வைத்தே அந்தக் கோடையின் பாசி எவ்வளவு இருக்கும் என்று ஓரளவு துல்லியமாகக் கணிக்க முடிகிறது. 2012 முதல் ஆண்டுதோறும் அந்தக் கணிப்பு வெளியிடப்பட்டுவருகிறது.

கால்நடை எருவுக்குத் தனிக் கணக்கு. எருவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கும் விகிதம் பயிர் கேட்கும் விகிதத்தோடு பொருந்துவதில்லை. பயிரின் தழைச்சத்துத் தேவைக்கு ஏற்ப எருவிட்டால் மணிச்சத்து தேவைக்கு மேல் போய்விடும். ஆண்டுக்காண்டு அந்த மிச்சம் மண்ணில் ஏறும். நீராகக் கரைத்துக் குளத்தில் தேக்கிய எருவில் பெரும்பகுதி தண்ணீர்தான். வெகுதூரம் கொண்டுபோகக் கட்டுபடியாகாது. ஆகையால் கொட்டகையைச் சுற்றியுள்ள வயல்களுக்கே திரும்பத் திரும்பப் போகிறது. குளம் நிரம்பிவிட்டால் பருவம் பார்க்கவும் முடியாது. அமெரிக்க விதிகளில் 700 கறவை மாடுகள், 2,500 பன்றிகள் போன்ற எண்ணிக்கையில்தான் பெரும்பண்ணைக்கான கட்டுப்பாடு தொடங்குகிறது. அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திக் கட்டப்படும் கொட்டகைகளின் எரு பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.

எரு மிகுந்தால் கடல் என்னவாகும் என்பதற்குப் பிரான்சின் பிரெத்தாஞ் பகுதி சான்று. நாட்டின் பன்றிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு பகுதியில் வளர்கின்றன. நன்னீர் ஏரிகளில் பாஸ்பரஸ் தீர்மானிப்பதைக் கடலோரத்தில் பெரும்பாலும் நைட்ரஜனே தீர்மானிக்கும். வயல்களிலிருந்து ஓடிவரும் நைட்ரேட், ஆழமில்லாத விரிகுடாக்களில் கடற்கீரை எனப்படும் பச்சைப் பாசியைக் குவியல் குவியலாக வளர்க்கிறது. கரையொதுங்கி அழுகும் குவியலின் மேற்புறம் காய்ந்து ஓடுகட்டிவிடும்; உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும். 2009இல் சேன்-மிஷெல்-ஆன்-கிரேவ் கடற்கரையில் அந்த ஓட்டை மிதித்துச் சென்ற குதிரை இறந்தது. அதை நடத்திச் சென்றவர் மயங்கி விழுந்து உயிர்பிழைத்தார். 2011இல் கூயெசான் ஆற்றுமுகத்தில் 36 காட்டுப்பன்றிகள் இறந்துகிடந்தன.

ஈரிக்குத் திரும்பினால், இடையூறு அறிவியலில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தூயநீர்ச் சட்டம் ஆலைக் குழாயையும் நகராட்சிக் குழாயையும் கட்டுப்படுத்தியது. வயலிலிருந்து மழையோடு ஓடும் நீருக்கு விலக்கு அளித்தது. நிலத்தடி வடிகாலும் குழாய்தான். அதன் முனையைக் கையால் தொட்டுக் காட்டலாம். ஆனாலும் அந்த விலக்கு அதற்கும் பொருந்துவதாகவே கொள்ளப்பட்டுவருகிறது. அயோவா மாநிலத்தின் டெ மாயின் நகரக் குடிநீர் நிறுவனம், ஆற்றுநீரில் நைட்ரேட் மிகுந்ததற்காக மேற்புறத்து வடிகால் மாவட்டங்கள்மீது 2015இல் வழக்குத் தொடுத்தது. 2017இல் அது தள்ளுபடியானது. டொலீடோ மக்கள் 2019 பிப்ரவரியில் ஏரிக்கே சட்ட உரிமை வழங்கும் தீர்மானத்தை வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். மறு ஆண்டே கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. துயருற்ற மக்கள் கையில் கிடைத்த கடைசிக் கருவி அது. சட்டமாக அது நிற்காதது வியப்பில்லை என்றாலும், அதற்குப் பின்னால் இருந்த முறையீடு நியாயமானது.

நடந்தது பெரும்பாலும் உடன்பாடும் ஊக்கத்தொகையும். ஒகையோவில் 2015ஆம் ஆண்டுச் சட்டம், ஈரியின் மேற்கு வடிநிலத்தில் உறைந்த நிலத்திலும் நீர் ததும்பும் நிலத்திலும் உரமோ எருவோ இடுவதைத் தடுத்தது. இதுவே மெய்யான கட்டளை. அதே ஆண்டு ஒகையோவும் மிச்சிகனும் ஒன்டாரியோவும் பாஸ்பரஸை 2025க்குள் 40 விழுக்காடு குறைப்பதாக ஒப்புக்கொண்டன. 2008ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, வசந்தகாலத்தில் மாமீ ஆறு கொண்டுவரும் மொத்தப் பாஸ்பரஸ் 860 டன், கரைந்த பாஸ்பரஸ் 186 டன் என்று இலக்கும் வகுக்கப்பட்டது. 2019 முதல் ஒகையோ அரசு உழவர்களுக்குப் பணம் கொடுத்து நன்முறைகளை ஏற்கச் செய்துவருகிறது. ஆற்றில் வரும் பாஸ்பரஸில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் வேளாண்மை முதலான பரவலான மூலங்களிலிருந்து வரும்போது, விரும்பினால் செய்யலாம் என்ற ஏற்பாடு மட்டும் போதும் என்று எண்ணுவதற்கு இதுவரையிலான பதிவு இடம்தரவில்லை.

செய்தால் பலன் உண்டா என்ற கேள்விக்கு இயற்கையே ஒருமுறை விடை சொன்னது. 2019 வசந்தத்தில் அந்த வடிநிலத்தில் மழை ஓயவில்லை. எந்திரம் இறங்க முடியாமல் ஏராளமான வயல்கள் விதைக்கப்படாமலும் உரமிடப்படாமலும் கிடந்தன. ஆற்றில் வெள்ளமோ மிகுதி. அவ்வளவு நீருக்கு வழக்கமாக வரவேண்டிய கரைந்த பாஸ்பரஸில் ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைவாகவே அந்த ஆண்டு வந்தது. ஆகவே இடும் உரத்தைக் குறைத்தால் அந்தப் பருவத்திலேயே பயன் தெரியும். மீதம் வந்தது முன்னரே மண்ணில் தேங்கிய பாஸ்பரஸிலிருந்து. அது கரைந்து தீர ஆண்டுகள் பல ஆகும்.

எனவே வேலை இரண்டு வகை. புதிதாக இடுவதைப் பொறுத்தவரை, மண்ணைச் சோதித்துப் போதுமான சத்து இருக்கும் வயலுக்கு உரமே இடாமல் விடுவது, இடுவதை மேலே தூவாமல் சில அங்குல ஆழத்தில் வரிசையாகப் புதைப்பது, மழை அறிவிப்பு இருக்கும் நாளில் எருவைத் தொடாமல் இருப்பது ஆகியவை செலவு குறைந்தவை. பழைய தேக்கத்துக்கு நீரைத்தான் தடுக்கவேண்டும். வடிகால் முனையில் பலகை அடுக்கிய அடைப்புப் பெட்டி வைத்தால் பயிரில்லாத மாதங்களில் நீரை வயலுக்குள்ளேயே நிறுத்தலாம். வாய்க்கால்களை இரண்டு படியாக அகலப்படுத்திப் புல் வளர்க்கலாம். குளிர்காலத்தில் மூடுபயிர் இடலாம். மூடுபயிர் மண்ணையும் நைட்ரேட்டையும் நன்றாகப் பிடிக்கும்; கரைந்த பாஸ்பரஸை அந்த அளவுக்குப் பிடிக்காது. இதை உழவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும், உழவற்ற சாகுபடியில் நேர்ந்தது மீண்டும் நேரக்கூடாது. பழைய சதுப்பின் சில துண்டுகளை மீண்டும் ஈரநிலமாக்கும் பணியும் நடக்கிறது. வெளியேறும் நீர் அங்கே சில நாள் நின்றுபோனால் வண்டலும் சத்தும் படியும்.

எல்லா வயலும் ஒரே அளவில் இழப்பதில்லை என்பது இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்துவரும் செய்தி. நெடுங்காலம் எரு குவிந்த வயல்களும், மண்ணில் பாஸ்பரஸ் மிக ஏறிய வயல்களும் தம் பரப்புக்குப் பொருந்தாத பெரும்பங்கைக் கொடுக்கின்றன. ஊக்கத்தொகையோ, முன்வந்து கேட்கும் எல்லாருக்கும் பரவலாகப் போகிறது. முன்வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கவனமாக இருப்பவர்கள். மிகுதியாக இழக்கும் வயல் எது என்பதை அறிய மண்சோதனை முடிவுகள் வேண்டும். அவை உழவரிடமும் உர விற்பனையாளரிடமும் தனித் தகவலாக இருக்கின்றன. மாமீ ஆறு தாங்கக்கூடிய பாஸ்பரஸ் சுமைக்கு ஒகையோ வகுத்த வரம்பு 2023இல் கூட்டாட்சி ஒப்புதல் பெற்றது. அந்த வரம்பு ஆற்றுக்கு உண்டு. எந்த வயலுக்கும் அதில் தனிப்பங்கு குறிக்கப்படவில்லை.